உச்சி வெயிலில் மயங்கும் மெஷின்

சவுரியப்பனுக்குப் பிடிக்காத விஷயங்கள் இரண்டு. ஒன்று, சித்திரை மாதத்துக் கடத்தூர். இன்னொன்று, தானாகக் கிளம்பிப் போன ஆளைத் தேடிக்கொண்டு அலைவது. அந்த வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு இரண்டும் சேர்ந்தே வாய்த்தன.

டவுன் பஸ்ஸில் இருபத்தெட்டு வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து பேசிப் பேசியே மனைவியின் காதைத் தேய்த்ததில், அந்த அம்மாளே ஆள் பிடித்து அவரைப் பூவிழியின் துப்பறியும் ஆபீஸில் சேர்த்துவிட்டார். பூவிழிக்கு முப்பத்தைந்து வயது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் வேலையை உதறிவிட்டு, தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் போர்டு மாட்டியவள். பேச்சு குறைவு. அவள் மிச்சம் வைத்த பேச்சையெல்லாம் சவுரியப்பன் எடுத்துக்கொண்டார்.

"மேடம், கேஸே இல்லீங்க இது. பொண்டாட்டிக்கு லெட்டர் எழுதி வச்சிட்டான். பைக்கை மொரப்பூர் ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டுல விட்டுட்டான். போன் கடைசியா அங்கதான் உசுரோட இருந்திருக்கு. பெங்களூர் போயிட்டான்னு போலீஸே சொல்லிடுச்சு. நாம எதுக்குங்க இந்த வேகாத வெயில்ல வேகணும்?"

"அந்தப் பொண்ணு நம்பலையே அண்ணே" என்றாள் பூவிழி. ஏ.சி. செத்துப்போன பழைய மாருதி வேனை அவள்தான் ஓட்டினாள்.

கடத்தூருக்குள் நுழையும் திருப்பத்தில், புளிய மரத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் புதிதாக ஒட்டியிருந்தது. குள்ளம்மாள், வயது ஐம்பத்தெட்டு. போன சனிக்கிழமை மொரப்பூர் ரோட்டில் ஆடுகளை ஓட்டி வந்தபோது ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. அடித்தது யார் என்று இன்னும் தெரியவில்லை. சவுரியப்பன் பழக்கத்தில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். போஸ்டரில் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தது அவருக்கு என்னவோ போலிருந்தது.

காணாமல் போன அல்தாப்பின் கம்ப்யூட்டர் கடை ஒற்றை அறை. மேலே சிமெண்ட் ஷீட். உள்ளே போனதும் அடுப்பங்கரைக்குள் தலையை விட்ட மாதிரி அனல் அடித்தது. மேஜை மேல் பெரிய கறுப்பு கம்ப்யூட்டர் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அதன் முகப்பில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சின்னத் திரை. அதில் ஆறாயிரம் என்ற எண் பச்சையாக எரிந்தது.

அவன் மனைவி ஹீனா எழுந்து நின்றாள். இருபத்தாறு வயதிருக்கும். மூன்று நாளாகத் தூங்காத கண்கள். பக்கத்தில் அவள் புருஷனின் சிநேகிதன் அருண்குமார் நின்றான். கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் ஒருவன் உதவிக்கு வேண்டுமென்று அவனே வந்திருந்தான். வாசலில் நின்ற அவன் பைக்கின் டேங்க் கவரில் சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று செருகியிருந்ததைச் சவுரியப்பன் வரும்போதே பார்த்துவிட்டார்.

"தம்பி, ஊட்டிக்குப் போற வழியில இங்க எறங்கிட்டீங்களா?" என்றார்.

அருண்குமார் சிரித்தான். சிரித்தபோது வெடித்திருந்த உதடு வலித்திருக்க வேண்டும், சட்டென்று நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டான். "விடிகாலையில பைக்ல வருவேங்கண்ணா. காத்து ஆகாது."

"மறுபடி முதல்ல இருந்து சொல்லும்மா" என்றாள் பூவிழி.

ஹீனா சொன்னாள். திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஒரு கேமரா வேலை இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று அல்தாப் கிளம்பினான். வரவில்லை. அன்றிரவு இவளே கடையைப் பூட்டினாள். செவ்வாய் காலை போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டு பதினொரு மணிக்கு வந்து கடையைத் திறந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் முதல் ஆளாக அந்தக் கடிதம் நின்றது.

பூவிழி அதைப் படித்தாள். 'ஹீனா, எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. கொஞ்ச நாள் தனியாக இருக்க வேண்டும் போலிருக்கிறது. தேட வேண்டாம். அல்தாப்.' திங்கட்கிழமை காலை பதினொன்று பத்துக்கு எழுதியதாகத் தேதி காட்டியது.

"திங்கக்கிழமை காலையில அவரு இங்கதான் இருந்தாரு. நானும் சாப்பாடு கொண்டு வந்தேன்" என்றாள் ஹீனா. "இப்படி ஒரு லெட்டரை எழுதி வச்சிட்டு என் கையால வாங்கிச் சாப்பிட்டு, உப்பு கம்மின்னு வேற சொல்வாரா? அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க மேடம். எனக்கு ஏழாவது மாசம். இந்தப் புள்ளைக்குப் பேரு வைக்கிறதுக்கே ஒரு நோட்டு போட்டு எழுதிட்டிருக்காரு." அவள் அழுதுவிட்டாள். அழுகையை விட அதற்கு முன் வந்த கோபம்தான் சவுரியப்பனைத் தொட்டது. பெற்ற மகள் ஒருத்தி அவருக்கும் இருக்கிறாள்.

"கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு கிடையாதா?"

"இருந்துச்சுங்க. போட்டவுடனே கேக்கும். அவருக்கு மட்டும்தான் தெரியும். செவ்வாக்கிழமை கேக்கவே இல்ல."

அருண்குமார் குறுக்கிட்டான். "ஹீனா லெட்டரைப் படிக்கணும்னு அவனே எடுத்து விட்டிருப்பான் மேடம். மெஷினுக்குள்ள போற வாசல்ல மட்டும்தான் அவன் பூட்டு போடுவான். அதைத் தாண்டிட்டா உள்ள எங்கேயும் பூட்டு கிடையாது."

சரியாகத்தான் இருந்தது. சவுரியப்பன் வேன் சாவியைக் கையில் எடுத்தே விட்டார்.

"வேற ஏதாவது மாறியிருக்கா?" என்று பூவிழி கேட்டாள்.

ஹீனா தயங்கினாள். "சொன்னா சிரிப்பீங்க. இது தினம் மத்தியானம் நின்னு போயிடுதுங்க. செவ்வாக்கிழமை பன்னெண்டரை. நேத்து பன்னெண்டு முப்பத்தஞ்சு. படம் அப்படியே உறைஞ்சு போயிடுது. மூணு வருஷமா இந்த மெஷின் ஒரு நாள்கூட நின்னதில்லீங்க. அவரு போனதுல இருந்துதான்."

"எஜமானைக் காணோம்னு மயக்கம் போடுது போல" என்றார் சவுரியப்பன். யாரும் சிரிக்கவில்லை. சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வரவில்லை. போனவன் ஊரை விட்டுப் போனான், இது ஏன் நிற்கிறது?

"ரேம் பழசாயிடுச்சுங்க" என்றான் அருண்குமார். "ஒரு நாளைக்குக் குடுங்க மேடம், எடுத்துட்டுப் போய் சரி பண்ணிக் கொண்டாந்து தர்றேன்."

"தரலாம். அதுக்கு முன்னாடி அவர் என்ன பண்ணி வச்சிருக்கார்னு எனக்குக் காட்டுங்க தம்பி."

அருண்குமார் மெஷினை அணைத்துப் போட்டு, பயாஸ் என்ற கறுப்புத் திரைக்குள் போனான். கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்கு முன்னால் வரும் திரை அது. வரிசை வரிசையாக எண்கள்.

"ஓவர்கிளாக்குன்னு சொல்வாங்க மேடம். கம்பெனி குடுத்த வேகத்தை விட மெஷினை வேகமா ஓட வைக்கிறது. அல்தாப்புக்கு அதான் பைத்தியம். இந்த ரேம் கம்பெனி வேகத்துல ஓடினா முன்னாடி இருக்கிற சின்னத் திரையில நாலாயிரத்து எண்ணூறுன்னு காட்டும். அவன் ஆறாயிரத்துல ஓட்டுறான். கஸ்டமர் யாரு வந்தாலும் அந்த நம்பரைக் காட்டித்தான் பேச்சையே ஆரம்பிப்பான்."

"ஆமாங்க. அது கொறைஞ்சா எனக்கே தெரிஞ்சிடும்" என்றாள் ஹீனா.

"ஒவ்வொண்ணா சொல்லுங்க." பூவிழி நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். அருண்குமார் படித்துக்கொண்டே போனான். இவ்வளவு வோல்ட், இவ்வளவு இடைவெளி. கடைசியில் ஒரு எண்ணைத் தொட்டு, "இது ஐம்பதாயிரம்" என்றான்.

"அது எதுக்கு?"

"ரேம் ஒரு மறதிக்காரன் மேடம். எழுதினதை அப்பப்போ ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கணும். எத்தனை நேரத்துக்கு ஒருக்கா ஞாபகப்படுத்தணும்னு சொல்றதுதான் இந்த நம்பர். நாங்க அதை இழுத்து விடுவோம். ஞாபகப்படுத்துற வேலை கொறைஞ்சா மெஷின் இன்னும் வேகமா ஓடும்."

"அதிகமா இழுத்துட்டா?"

"மறந்துடும். நின்னுடும்."

"இப்போ அதிகமா இழுத்திருக்கா?"

"இல்லைங்க. இது அல்தாப்போட நம்பர்தான். எனக்கு மனப்பாடம். எதையும் யாரும் தொடலை மேடம், எல்லாம் அவன் கை வச்சது." அவன் குரலில் உறுதி இருந்தது.

"நீங்க இங்க வேலை பார்த்தீங்களா?"

"ஆடியில சேர்ந்தேங்க. பொங்கல் முடிஞ்சதும் போயிட்டேன். இப்ப புளி கோல்டு ஸ்டோரேஜ்ல இருக்கேன். மொரப்பூர் ரோட்ல. கம்ப்யூட்டர், கேமரா, லோடு எல்லாம் நான்தான் பார்க்கிறேன்." அவன் மணி பார்த்தான். "சாயங்காலம் பெங்களூருக்கு லோடு கிளம்புது. நான் போகணுங்க. மெஷினை எடுத்துக்கட்டுமா?"

"நாளைக்கு எடுத்துக்கோங்க தம்பி. இன்னைக்கு அது மயக்கம் போடுறதைக் கண்ணால பார்த்துட்டுப் போறேன்."

ஒரு கணம் அருண்குமார் நின்றான். பிறகு தலையசைத்துவிட்டுப் போனான். பைக் சத்தம் மொரப்பூர்ப் பக்கம் தேய்ந்தது.

மூன்று பேரும் காத்திருந்தார்கள். ஷீட் கூரை படபடவென்று வெடிக்கும் சத்தம் நடுநடுவே கேட்டது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. பன்னிரண்டரை ஆனது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சவுரியப்பனுக்கு ஏனோ அது நிற்காமல் இருந்தால் தேவலை என்றிருந்தது. பன்னிரண்டு நாற்பத்தேழுக்குத் திரை உறைந்தது. திரையின் மூலையில் ஓடிய கடிகாரத்தின் முள் பாதியில் நின்றது. மெஷினுக்குள் சுழன்ற காற்றாடியின் உறுமல் மட்டும் நிற்கவில்லை. உயிர் போன பிறகும் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது அது.

அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. மின்விசிறி நின்றதும் சவுரியப்பனுக்குத் தாங்கவில்லை. சுவரில் தொங்கிய தினசரி காலண்டரை அட்டையோடு கழற்றி விசிற ஆரம்பித்தார். இரண்டாவது வீச்சில் அட்டைக்குப் பின்னாலிருந்து சில தாள்கள் பறந்து தரையில் விழுந்தன.

"அடடே, காலண்டர் குட்டி போடுது" என்று குனிந்தார்.

ஐந்தும் தேதித் தாள்கள். ஹீனா எட்டிப் பார்த்தாள். "இதுங்களா! வருசத்துக்கு ரெண்டு தாளை மட்டும் கிழிச்சா கசக்க மாட்டாரு. மடிச்சு எங்கேயோ வச்சுக்குவாரு. கேட்டா, மெஷினுக்குச் சட்டை மாத்துற நாளுன்னு சிரிப்பாரு."

தாள்களின் பின்பக்கம் பேனாவால் எண்கள். மேலே தலைப்பாக ஒற்றை வார்த்தை. ஒன்றில் 'வெயில்', அடுத்ததில் 'குளிர்', மறுபடி 'வெயில்', மறுபடி 'குளிர்', கடைசியில் 'வெயில்'. பூவிழி தன் நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டாள். அவள் முகம் மாறியதைச் சவுரியப்பன் பார்த்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் செத்ததாகச் சொன்ன ஆளை டீக்கடையில் பார்த்த அன்றைக்கும் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று தோன்றியது.

"அண்ணே, இந்த வருஷம் மாசிக் கடைசியில கிழிச்ச தாள் இது. என்ன எழுதியிருக்கு?"

சவுரியப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "வெயில். பன்னிரண்டாயிரம். சூட்டில் சீக்கிரம் மறக்கும்."

"போன ஆனிக் கடைசியில, ஆடிக் காத்துக்கு முன்னாடி கிழிச்சது?"

"குளிர். ஐம்பதாயிரம்."

"இப்ப மெஷின்ல இருக்கிறது?"

சவுரியப்பன் நோட்டைப் பார்த்தார். ஐம்பதாயிரம். வாயில் வந்து நின்ற நகைச்சுவை திரும்பி உள்ளே போய்விட்டது.

"அல்தாப் மாசியிலேயே வெயில் நம்பருக்கு மாத்திட்டார்" என்றாள் பூவிழி. "மூணு வருஷமா மெஷின் நிக்காததுக்கு அதுதான் காரணம். திங்கட்கிழமை ராத்திரி யாரோ அல்தாப்கிட்ட இருந்த சாவியில கடையைத் திறந்து குளிர் நம்பரைப் போட்டிருக்காங்க. எதுக்குப் போடணும்? உள்ள போகப் பாஸ்வேர்டு தெரியலை. இன்சூரன்ஸ்ல இருந்தப்ப ஒரு கேஸ்ல பார்த்திருக்கேன். உள்ள காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அதைக் கழட்டினா பாஸ்வேர்டு அழிஞ்சிடும். கூடவே தேதியும் போயிடும், இந்த நம்பர்களும் போயிடும். தேதியைத் திங்கட்கிழமை காலைன்னு வச்சுக்கிட்டு லெட்டரை அடிச்சாச்சு. அப்புறம் தேதியைச் சரி பண்ணியாச்சு. ஆனா முன்னாடி நாலாயிரத்து எண்ணூறுன்னு எரிஞ்சா ஹீனா கண்டுபிடிச்சிடும். அதனால பழைய நம்பரை எல்லாம் ஞாபகத்துல இருந்து திரும்பப் போட்டாச்சு."

"ஞாபகத்துல இருந்தது குளிர் நம்பர்" என்றார் சவுரியப்பன் மெதுவாக. "ஆடியில சேர்ந்து, பொங்கலுக்குப் போனவன்."

"இங்க ஒரு சித்திரையைக்கூடப் பார்க்காதவன். அதுக்கப்புறம் வருஷம் பூரா குளிருற இடத்துல வேலை. அங்க அந்த நம்பர் எந்த மாசத்துலயும் நிக்காம ஓடும். வெயில்னு ஒண்ணு இருக்கிறதே அவனுக்கு மறந்து போச்சு."

ஸ்வெட்டர். வெடித்த உதடு. சவுரியப்பனுக்கு ஊட்டி என்று கிண்டலடித்த தன் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. சாயங்காலம் பெங்களூருக்கு லோடு கிளம்புது என்று அவன் சொன்னதும் கூடவே ஞாபகம் வந்தது. லோடு என்று அவன் எதைச் சொன்னான்?

"அருணா?" என்றாள் ஹீனா. நம்பாத குரல். "அஞ்சாறு மாசம் என் கையால சாப்பிட்டவன் மேடம்."

பூவிழி அதற்குள் போலீஸுக்குப் போன் போட்டபடி வாசலுக்கு வந்துவிட்டாள். ஹீனாவை விட்டுவிட்டுப் போகலாம் என்ற பேச்சை எடுத்தபோது, அவள் நேராகப் போய் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மொரப்பூர் ரோட்டில் அந்தக் கிடங்கு தனியாக நின்றது. ஜன்னலே இல்லாத வெள்ளைச் சுவர்கள். சுற்றிலும் காய்ந்த காடு. காற்றில் புளி வாசனை. கேட்டில் வாட்ச்மேன் அர்ச்சுனன் எழுந்து நின்றார். வயதானவர்.

"அருண் சாருங்களா? இப்பத்தான் வந்தாரு. மூணாம் நம்பர் ரூம் பக்கம் போனாரு. அங்க யாரும் போகக் கூடாதுங்க. ரிப்பேருன்னு திங்கக்கிழமையில இருந்து பூட்டிக் கெடக்குது. சாவி அவருகிட்டதான்."

"ரிப்பேர் ஆன ரூமோட மோட்டார் ஓடுற சத்தம் கேக்குதே?" என்றாள் பூவிழி.

அர்ச்சுனன் தலையைச் சொறிந்தார். "அதுதான் எனக்கும் புரியலீங்க."

முற்றத்தில் கம்பெனி வேன் நின்றது. முன்பக்கம் மட்டும் புதுப் பெயிண்ட் பளபளத்தது. பூவிழி அதைக் கடந்தபோது ஒரு விநாடி நின்று, விளக்குக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்தாள். போஸ்டரில் சிரித்த அந்த அம்மாள் சவுரியப்பனுக்கு ஞாபகம் வந்தாள்.

மூன்றாம் அறையின் கதவு அரை அடி கனம். திறந்தே கிடந்தது. உள்ளே இருட்டு. வெளியே நாற்பது டிகிரி, உள்ளேயிருந்து காலைத் தொட்ட காற்று ஐப்பசி அடைமழைக் காற்று. "அல்தாப்!" என்று பூவிழி கூப்பிட்டாள். பதில் இல்லை. டார்ச்சை அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

சவுரியப்பன் பின்னாலேயே போகவில்லை. இருபத்தெட்டு வருடம் பஸ்ஸில் நின்றவர். கதவு என்றால் அவருக்கு எப்போதும் சந்தேகம்தான். யார் விரல் எப்போது மாட்டும் என்று தெரியாது. வாசலில் கிடந்த ஒரு புளி மூட்டையை மூச்சைப் பிடித்து இழுத்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவே போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். ஆபீஸில் நாற்காலியைக்கூட நகர்த்தாத மனுஷன்.

நாலு எட்டு வைத்திருப்பார். பின்னால் கதவு வேகமாக வந்து மூட்டையில் மோதியது. மறுபடி இழுத்து மறுபடி மோதியது. வெளியே மூச்சு வாங்கும் சத்தம். மோட்டார் அறைக்குள் ஒளிந்திருந்த அருண்குமார் மூட்டையைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தான். ஸ்வெட்டர் போட்டிருந்தான்.

"தம்பி, வண்டி ஃபுல்லு. கதவு சாத்தாது" என்றார் சவுரியப்பன். குரல் நடுங்கியது. அது குளிரால் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்.

அருண்குமார் அடுத்த உதைக்குக் காலைத் தூக்கினான்.

"அருண்."

ஹீனா அவனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வேனிலேயே இரு என்று சொல்லியிருந்தார்கள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தாள். "அவரு எங்க?"

அவன் திரும்பிப் பார்த்தான். தூக்கிய கால் கீழே இறங்கியது. அப்புறம் அவனும் இறங்கி, அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டான். "நான் வேணும்னு அடிக்கலை" என்றான். "ஆடு குறுக்க வந்துச்சு. ஆட்டுக்குப் பின்னாடி அந்தம்மா வந்ததை நான் பார்க்கலை. கேட் கேமராவுல வேன் ஒடஞ்சு வர்றது பதிவாயிடுச்சு. மொத்தமா அழிக்க எனக்குத் தெரியலை, அழிச்சுக் குடுடான்னு அல்தாப்கிட்ட கேட்டேன். போலீஸுக்குப் போன்னு சொல்றான். நான் என்ன பண்ணுவேன்? பூட்டினேன். திறக்கவும் பயமா இருந்துச்சு. தண்ணியும் பன்னும் வச்சேன், கேளுங்க, வச்சேன்."

அர்ச்சுனன் வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"இங்க இருக்காரு!" உள்ளேயிருந்து பூவிழியின் குரல் வந்தது.

கடைசி வரிசை மூட்டைகளுக்குப் பின்னால், வெற்றுச் சாக்குகளைக் குவித்து அதற்குள் சுருண்டு கிடந்தான் அல்தாப். உதடு நீலம் பாரித்திருந்தது. சவுரியப்பன் சாக்கோடு அவனை அள்ளி வெயிலுக்குத் தூக்கி வந்தார். முற்றத்தின் சுடு தரையில் படுக்க வைத்தார். காலையிலிருந்து திட்டித் தீர்த்த வெயிலை அந்த நிமிடம் அவர் கும்பிட்டார். ஹீனா புருஷனின் கைகள் இரண்டையும் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள்.

நெடுநேரம் கழித்து அவன் கண் திறந்தான். அவளைப் பார்த்தான். உதடு அசைந்தது. ஹீனா காதைக் கொண்டுபோனாள்.

"மெஷின் நின்னுச்சா?"

ஹீனாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "மூணு நாளா நான் செத்துப் பொழைச்சிட்டிருக்கேன், உங்களுக்கு மெஷினா முக்கியம்?"

"நிக்கணும்னுதான்..." அல்தாப்புக்குப் பல் கிட்டித்தது. ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "பாஸ்வேர்டு கேட்டான். சொல்லலை. அப்போ பேட்டரியைக் கழட்டிக்கிறேன், நம்பர் ஏதாவது மாத்தியிருக்கியான்னு கேட்டான். மாத்தலை, நீ இருந்தப்போ வச்ச அதே நம்பர்தான்னு சொன்னேன்."

பூவிழி எழுந்து நின்றாள். அருண்குமார் செய்த தவறு என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். அவனும் மூட்டை மேலிருந்து தலையை நிமிர்த்தி, மூன்று நாள் தான் பூட்டி வைத்திருந்தவனை முதல் முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தான். தூரத்தில் போலீஸ் ஜீப்பின் சத்தம் கேட்டது.

"ரெண்டு நாளும் பன்னெண்டரை வாக்குல நின்னுச்சுங்க" என்றாள் ஹீனா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னைக்குத்தான் பன்னெண்டு நாப்பத்தேழு."

அல்தாப் கண்ணை மூடிக்கொண்டான். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"அப்போ இன்னைக்கு வெளிய வெயில் கொஞ்சம் கம்மி" என்றான்.